செக்ரோல் முதல் செயற்கை நுண்ணறிவு வரை: தொகுப்புச் செயலாக்கத்தின் வரலாறு

வருகின்ற வேலையை வந்தபொழுதே முடித்தல் ஒரு முறை. சேர்த்து வைத்து ஒருங்கே முடித்தல் மற்றொரு முறை. கணினித் துறையினர் இரண்டாவது முறையைப் 'பேட்ச் புராசசிங்' என்பர். கலைச்சொல் தொகுப்போர் இதற்குத் 'தொகுதிச் செயலாக்கம்' என்ற தொடரை வழங்கியுள்ளனர். நம் நாட்டு நாளிதழ் வாசகருக்குத் 'தொகுதி' என்றவுடன் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ஆதலால் இவ்வுரையில் 'தொகுப்புச் செயலாக்கம்' என்ற சொல்லை ஆள்வோம்.

இன்று இச்சொல் புதியதொரு சூழலில் மீண்டும் ஒலிக்கிறது. நிரல் எழுதுவோர் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு விடைபெறுவதோடு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான வினவல்களை ஒரே கோப்பில் அடுக்கி இரவில் அனுப்புகின்றனர். விடைகளைக் காலையில் பெறுகின்றனர். இடையில் மனிதர் எவரும் அமர்ந்திருப்பதில்லை. அனுப்புவதும் பெறுவதும் பெற்றதை உரிய இடத்தில் சேர்ப்பதும் தானியங்கு நிரல்களின் வேலையாகிவிட்டன. அப்படியானால் தவறு நேர்ந்தால் அதனை யார் காண்பார்? கண்டவர் எதனைக் கொண்டு அது தவறு என்று காட்டுவார்?

இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. பலருடைய உழைப்பை ஒன்றாகச் சேர்த்து, பின்னர் கணக்குப் பார்த்த இடங்களிலெல்லாம் இது எழுந்திருக்கிறது. கெடா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் அவ்வாறான இடங்கள். தோட்டத்துப் பேரேட்டிலிருந்து கணினி பிறந்தது என்று நாம் கூற வரவில்லை. ஒரே சிக்கலை இரண்டும் சந்தித்தன. நம் முன்னோர் பட்டறிவால் அறிந்த ஒன்று இன்றைய மாணவருக்குப் பயன்படும் என்பதே நம் கருத்து.

பெரட்டும் பேரேடும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் நிலத்தோடு தமிழருக்குள்ள தொடர்பு பழமையானது. எனினும் இன்றைய கெடாத் தமிழரில் பெரும்பாலோரின் வரலாறு ரப்பரோடு தொடங்குகிறது. 1909ஆம் ஆண்டு ஆங்கிலேய - சயாமிய உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். 1938இல் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்யும்வரை அவ்வரவு ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது.

தோட்டத்தின் நாள் இருள் விலகுமுன் பெரட்டோடு தொடங்கியது. தொழிலாளர் வரிசையில் நிற்க, கிராணி பெயர் அழைத்துச் செக்ரோலில் குறித்தார். செக்ரோல் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரு வரியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டமும் கொண்ட பேரேடு. மாத முடிவில் அக்கட்டங்களைக் கூட்டி, முன்பணம் முதலிய பிடித்தங்களைக் கழித்துக் கூலி வழங்கப்பட்டது. நாள்தோறும் குறித்தல், மாதந்தோறும் ஒருங்கே கணக்கிடுதல் என்னும் இவ்வமைப்பு தொகுப்புச் செயலாக்கமே.

அதனினும் நுட்பமானது பால் நிறுக்கும் இடம். பால் மரத்தை விடியற்காலையின் குளிர்ச்சியில் வெட்டுவர். அப்பொழுதுதான் பால் நன்கு வடியும். வெட்டி முடித்த பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு வருவர். அங்கே பெரிய தொட்டி ஒன்று காத்திருக்கும். பலர் கொண்டுவந்த பாலும் அத்தொட்டியில் ஒன்றாகும். ஒன்றான பிறகு யாருடைய பால் எது என்று எவராலும் சொல்ல இயலாது.

ஆகவே தொட்டியில் ஊற்றுமுன் மூன்று செயல்கள் நடந்தன. முதலாவது, கொண்டுவந்தவர் இன்னார் என்பது குறிக்கப்பட்டது. இரண்டாவது, பாலின் எடை பார்க்கப்பட்டது. மூன்றாவது, பாலில் உள்ள ரப்பரின் பங்கு அளக்கப்பட்டது. மரத்துப் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஒருவர் கொண்டுவந்த 20 கிலோகிராம் பாலில் ரப்பர் 35 விழுக்காடு என்றால் உலர்ந்த ரப்பர் 7 கிலோகிராம். 30 விழுக்காடு என்றால் 6 கிலோகிராம். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டு விரைவான மதிப்பைப் பெறலாம். துல்லியம் வேண்டுமாயின் சிறிது பாலை எடுத்து உறையவைத்து, உருட்டி, உலர்த்தி நிறுக்க வேண்டும். மங்கிலும் பட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பால் தொட்டிக்குள் போகாது. அது தனியே சேர்க்கப்பட்டுத் தனியே நிறுக்கப்பட்டது.

பெயர், அளவு, மாதிரி, தகாததைத் தனியே ஒதுக்கல் ஆகிய நான்கும் கலப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும் என்பதே அங்கு நிலவிய ஒழுங்கு. கலந்த பின்னர்ச் செய்யும் எந்தச் சோதனையும் தொட்டியைப் பற்றிச் சொல்லுமேயன்றி ஆளைப் பற்றிச் சொல்லாது. காலமும் ஒரு கட்டுப்பாடு. பால் தானாகவே உறையத் தொடங்கும். உறையாமல் காக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு. குறித்த பொழுதுக்குள் வராத பால் தொட்டிக்கு உதவாது.

பேரேடு யார் கையில் இருந்தது?

இவ்வொழுங்கில் ஒரு பெருங்குறையும் இருந்தது. செக்ரோலை எழுதியவர் கிராணி. பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரோ மலையாளியோ அப்பணியில் இருந்தார். அது எழுதப்பட்டது துரைக்கு விளங்கும் ஆங்கிலத்தில். எவருடைய உழைப்பை அது பதிந்ததோ அவர்களுள் பலருக்கு அதனைப் படிக்க இயலாது. தராசின் முள்ளைத் தொழிலாளர் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பேரேட்டில் அந்த எடை எவ்வாறு எழுதப்பட்டது, ரப்பரின் பங்கு எவ்வளவு என்று மதிக்கப்பட்டது, பிடித்தம் எதற்காக என்பவற்றைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும். பாலில் நீர் கலந்தார்கள் என்று நிருவாகம் ஐயுறும். எடையில் குறைத்தார்கள் என்று தொழிலாளர் ஐயுறுவர். இரு ஐயங்களையும் தீர்க்கவல்ல ஆவணம் ஒருவர் கையில் மட்டுமே இருந்தது.

இந்நிலை மெல்ல மாறியது. தோட்டந்தோறும் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் எண்ணையும் எழுத்தையும் தந்தன. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி விகிதங்களைப் பேசித் தீர்க்கும் பொறுப்பை ஏற்றது. விகிதம் எழுத்தில் வந்தபிறகே, கணக்குத் தவறு என்று ஒருவர் சொல்வதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

தோட்டத்திலிருந்து வெளியேறும் ரப்பருக்கும் இத்தகைய மாற்றம் வந்தது. புகையூட்டிய ரப்பர்த் தகடுகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதே நெடுங்கால வழக்கம். 1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் அறிமுகமானது. அதன்படி மாசு, சாம்பல் முதலியவற்றின் அளவைச் சோதனைச்சாலையில் கண்டு தரம் குறித்தனர். தரத்தின் பெயரில் உள்ள எண், தொடக்கத்தில் மாசின் உச்ச அளவையே சுட்டியது: 5 என்றால் நூற்றுக்கு 0.05, 20 என்றால் நூற்றுக்கு 0.20. 'நல்ல சரக்கு' என்று ஒருவர் சொல்வதை மற்றவர் நம்ப வேண்டிய தேவை குறைந்தது. எது தேறும், எது தேறாது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, எவர் சோதித்தாலும் ஒரே முடிவு வரும்படி செய்ததே அத்திட்டத்தின் சிறப்பு.

அட்டைக் கட்டுகளின் காலம்

இனிக் கணினியின் பக்கம் திரும்புவோம். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் வடிவமைத்த துளையட்டை எந்திரங்கள் பயன்பட்டன. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அகவை, தொழில் முதலியவை அதன் துளைகள். அட்டைகளை ஒவ்வொன்றாக இட்டால் எந்திரம் எண்ணித் தந்தது. அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து 1924இல் ஐபிஎம் என்னும் பெயர் பெற்றது.

1950களில் மின்னணுக் கணினிகள் வந்தபொழுது அவற்றின் நேரம் மிகுந்த விலையுடையதாக இருந்தது. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் ஆயத்தமாகும்வரை எந்திரம் வீணே நின்றது. இதனைத் தவிர்க்க 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய நிறுவனங்கள் ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு மேற்பார்வை நிரலை உருவாக்கின. பலருடைய வேலைகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதுவே தொடங்கும். மலேசியாவின் முதற் கணினியாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1966இல் தேசிய மின்சார வாரியம் நிறுவியது. அக்காலத்துக் கணினிகளுக்கு உரிய வேலைகள் கட்டணப் பட்டியலும் சம்பளப் பட்டியலுமே. தோட்டத்தில் கிராணி மாத முடிவில் செய்ததை எந்திரம் பல்லாயிரம் பேருக்குச் செய்தது.

அட்டைக் காலத்து நிரலாளர் தம் அட்டைக் கட்டை ஒரு சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போவர். அச்சிட்ட விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அந்த நாளே போயிற்று. ஆதலின் அவர்கள் கொடுக்குமுன் பலமுறை படித்தனர். மற்றொரு பழக்கமும் இருந்தது. 80 பத்திகள் கொண்ட அட்டையில் இறுதி எட்டுப் பத்திகளை, அதாவது 73 முதல் 80 வரையுள்ளவற்றை, வரிசை எண்ணுக்காக ஒதுக்கினர். கட்டு கைதவறி விழுந்து அட்டைகள் கலைந்தாலும் அவ்வெண்ணைக் கொண்டு மீண்டும் அடுக்கலாம். செக்ரோல் எண்ணின் பணியையே அது செய்தது.

1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் தத்தம் விசைப்பலகையிலிருந்து பயன்படுத்தினர். கேட்டதும் விடை, தவறினால் உடனே திருத்தம். அதன்பின் வந்த தலைமுறைகளுக்குக் கணினி என்றாலே உரையாடல் என்றாயிற்று. எனினும் தொகுப்பு முறை மறையவில்லை. வங்கிகள் இரவில் கணக்கு முடிப்பதும், குறித்த நேரத்தில் தானே தொடங்கும் யூனிக்ஸ் பணிகளும் அதன் தொடர்ச்சியே.

உரையாடலிலிருந்து மீண்டும் தொகுப்புக்கு

நிரலாக்க உதவியாளரின் வரலாறும் இதே வழியில் செல்கிறது. 2021 ஜூன் மாதத்தில் கிட்ஹப் கோப்பைலட் முன்னோட்டமாக வெளிவந்தது. எழுதும்பொழுதே அடுத்த வரியை அது முன்மொழிந்தது. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி, கேட்டு விடைபெறும் பழக்கத்தைப் பரப்பியது. பின்னர் நிறுவனங்கள் தம்மிடமுள்ள பழைய நிரல்களை நோக்கின. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு விளக்கக்குறிப்பு எழுத வேண்டும். சோதனைகள் எழுத வேண்டும். பிழை அறிக்கைகளை வகைப்படுத்த வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க ஆளில்லை. உடனடி விடையும் தேவையில்லை.

2024 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் அதே ஆண்டு அக்டோபரில் ஆந்த்ரோப்பிக் நிறுவனமும் தொகுப்பு வினவலுக்கெனத் தனி வழியைத் திறந்தன. 24 மணி நேரம் வரை காத்திருக்க இசைந்தால் கட்டணம் பாதி. அனுப்புவோர் காத்திருந்தால், கணினிகள் நெருக்கடியின்றி இருக்கும் வேளைகளில் அவ்வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதே சலுகையின் அடிப்படை. அக்டோபர் அறிவிப்பின்படி ஒரு தொகுப்பில் 10,000 வினவல்கள் இடம்பெறலாம். பின்னர் அவ்வெல்லை 100,000 ஆக உயர்ந்தது.

இவ்வமைப்பின் உறுப்புகளை நோக்கினால் பால் ஸ்டோர் நம் கண்முன் நிற்கும். ஒவ்வொரு வினவலுக்கும் அனுப்புபவரே ஓர் அடையாளக் குறியீடு இட வேண்டும். விடைகள் அனுப்பிய வரிசையில் திரும்பும் என்ற உறுதி இல்லை. நூறாவது வினவலின் விடை முதலாவதாக வரலாம். வரிசையை நம்பி விடைகளைச் சேர்க்கும் நிரல், ஒரு கோப்பின் திருத்தத்தை மற்றொரு கோப்பில் எழுதிவிடும். எழுதியதைப் பற்றி எச்சரிக்கையும் தராது. குறியீட்டைக் கொண்டு சேர்ப்பதே முறை.

எல்லா வினவலும் நிறைவேறுவதுமில்லை. ஆந்த்ரோப்பிக் வழியில் ஒவ்வொரு விடையும் நான்கு நிலைகளுள் ஒன்றோடு திரும்பும்: நிறைவேறியது, பிழையுற்றது, நீக்கப்பட்டது, காலாவதியானது. இறுதி மூன்றும் ஒட்டுப்பால் போன்றவை. அவற்றைத் தனியே சேர்த்து எண்ண வேண்டும். அவ்வாறு செய்யாத தானியங்குப் பணி, 'குறை ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை' என்று காலையில் அறிக்கை தரும். உண்மையில் அக்கோப்புகளை எவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். விடுபட்டவற்றை மீண்டும் அனுப்பும்பொழுது அவற்றை மட்டுமே அனுப்ப வேண்டும். முழுத் தொகுப்பையும் திரும்ப அனுப்பினால், ஒரே திருத்தம் இருமுறை ஏறக்கூடும். ஒரே நாளுக்கு ஒரே பெயரை இருமுறை செக்ரோலில் எழுதியது போலாகும்.

எல்லா வேலையும் இம்முறைக்குப் பொருந்துமா? பொருந்தாது. ஒரு வினவலின் விடை அடுத்த வினவலைத் தீர்மானிக்குமாயின் அதனைத் தொகுக்க முடியாது. ஒரு பிழையின் காரணத்தைத் தேடும்பொழுது முதல் விடையைக் கண்ட பின்னரே அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரியும். ஆயிரம் மரங்களில் ஒன்றின் பால் மற்றொன்றைச் சார்ந்திராதது போல, ஒன்றையொன்று சாராத, ஒரே வகையான, அவசரமில்லாத வேலைகளே தொகுப்புக்கு உரியவை.

எத்தனை பார்த்தால் போதும்?

உரையாடலில் ஒவ்வொரு விடையையும் ஒரு மனிதர் படித்தார். தொகுப்பில் அந்தக் கண் நீங்குகிறது. அதன் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒரு தொகுப்பில் 5,000 வினவல்கள் உள்ளன. உதவியாளர் நூற்றுக்கு 98 சரியாகச் செய்கிறது என்று கொள்வோம். நல்ல தேர்ச்சிதான். ஆயினும் தவறான விடைகள் 100 இருக்கும். 5,000 விடைகளையும் படிக்க ஆளில்லை. எழுந்தவாறு 50 விடைகளை எடுத்துப் படிக்கிறோம். அந்த 50இலும் ஒரு தவறுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? 0.98 என்ற எண்ணை 50 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.36 வரும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மிகுதியான வாய்ப்பில், 'எல்லாம் சரி' என்று நாம் கையெழுத்திடுவோம். 150 விடைகளைப் பார்த்தால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 0.05 ஆகக் குறையும்.

மாதிரி பார்த்தல் தவறு உண்டா என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. எஞ்சிய தவறுகளைக் காண ஒவ்வொரு விடையும் ஓர் எந்திரச் சோதனையைக் கடக்க வேண்டும். நிரல் ஓடுகிறதா, முன்பு தேறிய சோதனைகள் இப்பொழுதும் தேறுகின்றனவா, தொடக்கூடாத கோப்பைத் தொட்டதா என்பன அத்தகைய சோதனைகள். தேறும் அளவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது 1965ஆம் ஆண்டுத் திட்டம் தரும் படிப்பினை. சோதனைகளையும் அதே உதவியாளரே அதே இரவில் எழுதியிருந்தால் அச்சோதனைக்கு மதிப்புக் குறைவு. விற்பவர் தராசில் வாங்குபவர் நம்பிக்கை வைப்பது போன்றது அது.

முழுத் தொகுப்பையும் அனுப்புமுன் இருபது முப்பது வினவல்களை மட்டும் அனுப்பி, திரும்பியவற்றை ஒருவர் முழுமையாகப் படிப்பது நல்ல வழக்கம். கேள்வியில் உள்ள குறை அங்கேயே தெரிந்துவிடும். குறையுள்ள ஒரு கேள்வி 5,000 முறை சென்றால் குறையும் 5,000 முறை திரும்பும். இறுதியாக, விடைகளை மூலநிரலோடு இணைக்க ஒப்புதல் தருபவர் பெயருடைய ஒரு மனிதராக இருத்தல் வேண்டும். 'தானியங்கி செய்தது' என்பது பொறுப்பைக் குறிக்கும் சொல்லன்று.

கூலிமும் தமிழும்

இச்செய்தி கெடா மாணவருக்குத் தொலைவானதன்று. ஒரு காலத்தில் ஈயத்துக்கும் ரப்பருக்கும் பெயர்பெற்ற கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது; நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. இன்ஃபினியோன் நிறுவனம் 2006இல் அங்கே சில்லு ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதற் கட்டமும் தொடங்கியது. சில்லு ஆலைகளில் சிலிக்கன் வில்லைகள் தனித்தனியே செல்வதில்லை. பொதுவாக 25 வில்லைகள் ஒரு பெட்டியில் ஒரு தொகுப்பாகச் செல்லும். தொகுப்புக்கு ஓர் எண் உண்டு. எந்த எந்திரத்தில், எந்த நேரத்தில், என்ன வெப்பத்தில் இருந்தது என்பது அவ்வெண்ணின்கீழ்ப் பதிவாகும். குறை கண்டால் அப்பதிவைப் பின்னோக்கிப் படித்துக் காரணத்தைத் தேடுவர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகளுள் பலர் இன்று வேலை தேடிச் செல்லும் தொழில்களில், இப்படிப்பட்ட பதிவைப் படிக்கத் தெரிவது முதன்மையான தகுதி.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1985இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு முதற்கொண்டு, 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு வரை, கணினித் தமிழுக்கு மலேசியா ஆற்றிய பணி பெரிது. இன்று தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் அமைந்துள்ளன. பரவலாக வழங்கும் குறியேற்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள். அதே பொருளுடைய ஆறெழுத்து ஆங்கிலச் சொல் ஆறு பைட்டுகளில் அடங்கும். மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக்கி அத்துண்டுகளின் எண்ணிக்கைக்கே கட்டணம் பெறுகின்றன. தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட மிகுதியான துண்டுகளாகிறது. ஆகவே ஒரே கேள்வியைத் தமிழில் கேட்பவர் மிகுதியாகச் செலுத்த நேர்கிறது. பாதிக் கட்டணத் தொகுப்பு முறை தமிழ்ப் பணிகளுக்குச் சிறப்பாக உதவக்கூடும். பாடநூல் மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழாக்குதல், பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைச் சோதித்தல் போன்றவை ஒன்றையொன்று சாராத, அவசரமற்ற வேலைகள். ஆனால் அவற்றின் விடைகளைச் சரியென்று சொல்லத் தமிழ் நன்கறிந்த கண் வேண்டும். ஒற்று மிகும் இடமும் மிகாத இடமும் அறியாதவர் பார்த்து ஒப்புதல் தந்தால், பிழைகள் ஆயிரக்கணக்கில் பள்ளிகளுக்குள் நுழையும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதனைக் கணினியின்றியே கற்பிக்கலாம். மாணவர் 30 பேரிடம் ஆளுக்கொரு தாளில் ஒரு கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பெயரோ எண்ணோ எழுத வேண்டா. தாள்களைச் சேர்த்துக் கலைத்து, தவறாகச் செய்தவருக்கு உதவும்படி ஒரு மாணவரிடம் கொடுங்கள். அவரால் இயலாது. அடுத்த முறை எண் எழுதச் செய்யுங்கள். இரண்டு தாள்களை மறைத்துவிட்டு, 'எல்லாரும் சரியாகச் செய்தார்களா?' என்று கேளுங்கள். கையிலுள்ள தாள்களை மட்டும் பார்த்து விடை சொல்பவர் எவர், 30 தாள்கள் உள்ளனவா என்று முதலில் எண்ணிப் பார்ப்பவர் எவர் என்பதைக் கவனியுங்கள்.

எண்ணிப் பார்க்கும் அப்பழக்கமே இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியது. நிரல் எழுதும் வேலையின் ஒரு பகுதியை எந்திரம் ஏற்கிறது. இன்னும் மிகுதியாக ஏற்கும். அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை, வந்ததில் தேறியது எத்தனை, தேறியது என்று சொன்னவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தரும் பேரேட்டை மனிதரே படித்தாக வேண்டும். தம் கூலிக் கணக்கைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்ட ஒரு தலைமுறை, தம் பிள்ளைகள் தாமே படிக்கட்டும் என்றுதான் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பியது. புதிய பேரேடுகள் நிரலின் மொழியிலும் புள்ளியியலின் மொழியிலும் எழுதப்படுகின்றன. அவற்றைப் படிக்கக் கற்பிப்பதும் அந்தப் பள்ளிகளின் வேலைதான்.